மக்கட்பெருக்கமும் மண்ணின் வளமும்: சிங்கப்பூர்த் தீவு தரும் படிப்பினை

பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கொடுக்கும் தலைப்புகளுள் ஒன்று ‘மக்கட்பெருக்கம்’ என்பது. மாணவரும் தவறாமல் ஒரே வகையில்தான் எழுதித் தருவர். மக்கள் பெருகினால் உணவு போதாது; காடு அழியும்; ஆறு மாசுபடும்; ஆகவே மக்கள் தொகையைக் குறைத்தல் வேண்டும் என்று நான்கு பத்திகளில் கட்டுரை முடிந்துவிடும். நாமும் சிவப்பு மையால் சந்திப்பிழைகளைத் திருத்தி மதிப்பெண் இட்டுவிடுகிறோம். அக்கட்டுரையிலுள்ள கருத்துப் பிழையைத் திருத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

அக்கருத்து முற்றும் பொய் என்று கூற வரவில்லை. அது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டால் வரும் தீங்கு, முழுப் பொய்யால் வரும் தீங்கைவிடப் பெரிது. மக்கள் பெருகுவதால் இயற்கை எவ்வாறு தாக்குறுகிறது என்பதைப் பொதுப்படப் பேசாமல், நம் கண்முன் கிடக்கும் ஒரு சிறு தீவை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் மறுபாதியும் விளங்கும். சிங்கப்பூரே அத்தீவு. இருநூறு ஆண்டுக் கணக்கு எழுத்தில் இருக்கிறது. நிலத்தின் எல்லையும் கையடக்கமானது. இத்தகைய ஆராய்ச்சிக்கு இதைவிட ஏற்ற இடம் காண்பது அரிது.

மால்தஸ் சொன்னதும் நடந்ததும்

மக்கட்பெருக்கத்தைப் பற்றி முதன்முதலாக உலகம் அஞ்சும்படி எழுதியவர் ஆங்கில நாட்டுப் பொருளியலறிஞர் தாமஸ் மால்தஸ். 1798ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், மக்கள் தொகை 1, 2, 4, 8 என்று பெருக்கல் முறையில் வளரும் என்றும், உணவோ 1, 2, 3, 4 என்று கூட்டல் முறையில்தான் வளரும் என்றும் வாதிட்டார். இரண்டும் ஒத்துப் போகா. ஆகவே பசியும் நோயும் போரும் வந்து எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது அவர் முடிபு.

அவர் காலத்தில் உலக மக்கள் ஏறத்தாழ 100 கோடி. 1960இல் அது 300 கோடியாயிற்று. 2022 நவம்பரில் 800 கோடியைத் தாண்டியது. மால்தஸ் அஞ்சிய அளவுக்குப் பஞ்சம் உலகை விழுங்கவில்லை. 1960க்குப் பின் தானிய விளைச்சல் மக்கள் தொகையைவிட விரைந்தே வளர்ந்தது. பிலிப்பீன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும், வேதியுரமும், பாசனக் கிணறுகளும் அதற்குத் துணைநின்றன. ஆனால் உணவைப் பெருக்கிய அதே முறைகள் நிலத்தடி நீரைக் குறைத்தன. உரம் கரைந்த நீர் ஆறுகளில் கலந்தது. மனிதன் பசியிலிருந்து தப்பினான். விலையை நிலமும் நீரும் கொடுத்தன.

இதனைக் கண்ட பிற்கால அறிஞர், எண்ணிக்கையை மட்டும் கொண்டு கணக்கிடுதல் போதாது என்றனர். 1971ஆம் ஆண்டில் பால் எர்லிக், ஜான் ஹோல்ட்ரன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வாய்பாடு பிறந்தது. இயற்கைக்கு நேரும் தாக்கம் மூன்று எண்களின் பெருக்குத் தொகை என்பது அதன் பொருள். மக்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. ஒவ்வொருவரும் எவ்வளவு நுகர்கின்றனர் என்பது மற்றொன்று. அப்பொருளை எம்முறையில் ஆக்குகின்றனர் என்பது மூன்றாவது. பத்துப் பேர் மண்குடத்தில் முகந்து குடிப்பதும், ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவுவதும் ஒன்றாகா என்பதை இவ்வாய்பாடு எளிதில் விளக்கிவிடும்.

எனினும் இவ்வாய்பாட்டுக்கும் இரண்டு குறைகள் உண்டு. தாக்கம் எவ்வளவு என்று அது கூறுமேயன்றி, அத்தாக்கம் எங்கே போய் விழுகிறது என்று கூறாது. விழுந்த தாக்கம் ஆறக்கூடிய புண்ணா, ஆறாத புண்ணா என்பதையும் கூறாது. இவ்விரண்டையும் நமக்குக் கற்பிப்பது சிங்கப்பூரின் வரலாறு.

காசுக்கட்டி தின்ற காடு

1819இல் ராபிள்ஸ் வந்திறங்கியபோது சிங்கப்பூரில் சுமார் ஆயிரம் பேரே வாழ்ந்தனர் என்பர். தீவு பெரும்பாலும் அடர்ந்த காடு. கரையோரங்களிலும் ஆற்று முகங்களிலும் ‘பாக்காவ்’ எனப்படும் அலையாத்தி மரங்கள் நிறைந்த சதுப்பு. 1824இல் எடுத்த முதற் குடிக்கணக்கில் 10,683 பேர் இருந்தனர். 1860இல் அது 80,000 அளவை எட்டியது. இப்பெருக்கம் பிறப்பால் வந்ததன்று, கப்பலால் வந்தது. சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தீவுக்கூட்டத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களே தொகையை ஏற்றினர்.

காட்டை அழித்தது இவர்களுடைய பசி என்று நினைத்தால் தவறு. அரிசி கடல் வழியே வந்தது. காடு அழிந்தது ‘கம்பிர்’ என்னும் செடிக்காக. அதன் இலையைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது ஒருவகைக் காசுக்கட்டி. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பொருள்தான். 1830களிலிருந்து தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏற்றவும் இங்கிலாந்து அதனை மிகுதியாக வாங்கலாயிற்று. உடனே சீனத் தோட்டக்காரர்கள் தீவின் உட்பகுதிக்குள் புகுந்து கம்பிரும் மிளகும் சேர்த்துப் பயிரிட்டனர். காய்ச்சி எடுத்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காய்ச்சுவதற்கு இரவும் பகலும் விறகு வேண்டும். ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு ஏறத்தாழ அதே அளவு காடு அடுப்புக்குப் போயிற்று. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சாரமிழக்கும். அருகில் விறகும் தீர்ந்துவிடும். தோட்டக்காரர் அவ்விடத்தை விட்டு அடுத்த காட்டுக்குள் போவர். விட்ட இடத்தில் லாலான் புல் முளைக்கும். தீவில் இடம் குறைந்தபோது அவர்கள் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குச் சென்றனர்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த நத்தானியல் கேன்ட்லி என்பவர் காட்டின் நிலையை ஆய்ந்து 1883இல் அறிக்கை அளித்தபோது, தீவின் பரப்பில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே காடாக எஞ்சியிருந்தது. அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அவர் பரிந்துரையால் புக்கிட் தீமா முதலிய காடுகள் காப்புக் காடுகளாயின.

இவ்விடத்தில் ஒரு கணக்கைக் கருத வேண்டும். 1881இல் தீவின் மக்கள் தொகை சுமார் 1,40,000. 2024 நடுவில் அது 60 இலட்சத்துக்கு மேல். அதாவது இன்றுள்ள மக்களில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லாத காலத்திலேயே காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. காட்டை நேரே வெட்டியவர்களோ தோட்டங்களில் உழைத்த சில ஆயிரவர். அவர்கள் தேவைக்காக வெட்டவில்லை. கடல் கடந்த நாட்டில் ஒருவர் காலில் அணியும் தோலுக்காக இங்கே ஒரு மலை மொட்டையாயிற்று. தலைக்கணக்கை மட்டும் பார்ப்பவர் இக்கொடுமைக்குக் காரணம் காண இயலாது. வாய்பாட்டின் இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் முதலெண்ணை மிஞ்சி நின்ற காலம் அது.

காட்டைக் காத்த தாகம்

நகரம் வளர வளர வேறொரு நெருக்கடி தோன்றியது. அது குடிநீர். தொடக்கத்தில் கிணறுகளும் ஓடைகளும் போதுமாயிருந்தன. ஆன் சியாங் மலையடிக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகள் தண்ணீர் ஏற்றிச் சென்றதனால் சீனர் குடியிருந்த பகுதிக்கு ‘கிரேத்தா ஆயர்’ என்று பெயர் வழங்கலாயிற்று; மலாயில் தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். இந்திய வண்ணார் ஓடையில் துணி வெளுத்து உலர்த்திய இடம் ‘டோபி காட்’ ஆயிற்று. இன்று நிலத்தடி இரயில் நிலையத்தின் பெயராக நாம் கேட்கும் அச்சொல்லில் ஓடிய நீரின் நினைவு மட்டும் எஞ்சியிருக்கிறது.

மனிதக் கழிவும் கிணற்று நீரும் அருகருகே இருந்தால் காலராவும் குடற்காய்ச்சலும் வருவது இயல்பு. 1857இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர் நகருக்கு நல்ல நீர் கொண்டுவருதற்கென்று 13,000 வெள்ளி வழங்கினார். ஆனால் இன்று மெக்ரிட்சி என்று அழைக்கப்படும் நீர்த்தேக்கம் 1868இல்தான் கட்டி முடிந்தது. பொறிகளும் குழாய்களும் அமைந்து நகருக்கு நீர் ஒழுங்காக வந்தது 1870களின் இறுதியில். கொடையாளியின் நினைவாக 1882இல் எழுப்பிய நீரூற்று இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. அவ்வழியே செல்லும் மாணவர்க்கு அதன் கதையைச் சொல்லலாம்.

இனி, வியப்பூட்டும் ஒன்றைக் காண்போம். நீர்த்தேக்கம் என்றால் அணை மட்டும் போதாது. மழைநீர் வழிந்து வரும் மேட்டு நிலம் தூய்மையாக இருத்தல் வேண்டும். அங்கே தோட்டமோ குடியிருப்போ இருந்தால் அழுக்கும் சேறும் வந்து சேரும். ஆகவே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய நிலத்தை எவரும் தொடாதவாறு காத்தனர். 1910இல் காலாங் ஆற்றின் மேற்பகுதியில் இரண்டாம் நீர்த்தேக்கம் எழுந்தது. பியர்ஸ் என்பது பின்னர் வந்த பெயர். சிலேத்தார் நீர்த்தேக்கம் அதன் பின் எழுந்தது. இம்மூன்றையும் சூழ்ந்த நிலமே இன்று இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நடுவண் நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகமாக விளங்குகிறது. தீவின் மிகப்பெரிய காடு அதுதான். பழைய கம்பிர்த் தோட்டங்கள் பலவும் அங்கே மீண்டும் காடாக வளர்ந்தன.

வணிகப் பேராசை அழித்த காட்டில் எஞ்சியதைப் பெருகிய மக்களின் தாகம் காத்தது! மக்கள் பெருகினால் காடு அழியும் என்று எழுதும் மாணவனுக்கு இச்செய்தி புதிராக இருக்கும். தேவை எத்தகையது, அதனை எப்படி நிறைவேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும் என்பதற்கு இது சான்று.

ஆனால் தீவின் மேட்டு நிலம் சிறிது, மக்களோ பெருகினர். 1901இல் சுமார் 2,27,000. 1931இல் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். 1927இல் ஜொகூரோடு உடன்பாடு செய்து, குனோங் பூலாய் மலையிலிருந்து நீர் கொணர்ந்தனர். 1932 முதல் அந்நீர் தரைப்பாலத்தின் வழியே வந்தது. பிறர் நிலத்து நீரை நம்புவதன் இடர் பத்தே ஆண்டுகளில் தெரிந்தது. 1942 சனவரி இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது குழாயும் துண்டுபட்டது. பின்னர்த் தீவின் நீர்த்தேக்கங்களையும் ஜப்பானியர் கைப்பற்றினர். பிப்ரவரி 15இல் நகரம் சரணடைந்ததற்குத் தண்ணீர் நெருக்கடியும் ஒரு பெருங்காரணம்.

மீண்டும் 1963இல் வானம் பொய்த்தது. ஏப்ரல் மாதம் தொடங்கிய நீர்ப்பங்கீடு 1964 தொடக்கம் வரை நீடித்தது. அப்போது மக்கள் தொகை சுமார் 18 இலட்சம். முறைவைத்துக் குழாய் அடைக்கப்பட்டது. வாளிகளோடு மக்கள் வரிசையில் நின்றனர். அன்று வரிசையில் நின்ற சிறுவர் சிறுமியர் இன்று பாட்டன் பாட்டியர். அவர்கள் வீட்டில் குழாய் சொட்டுவதைப் பொறுக்கமாட்டார்கள்.

கெட்ட ஆறு தெளிந்த வரலாறு

தண்ணீருக்கு அடுத்தபடி கழிவு. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் முதலில் கெடுவது ஆறு. சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றுப் படுகையிலும் தெருவோர உணவுக் கடைகளின் எச்சமும், சந்தைக் குப்பையும், கம்பத்து வீடுகளின் கழிவும், பன்றிப் பண்ணை வாத்துப் பண்ணைகளின் சாணமும், தொங்கான் படகுகளின் எண்ணெயும் வந்து கலந்தன. நீர் கறுத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகளில் கழிவை வாளியில் எடுத்துச் செல்லும் வழக்கம் 1987 வரை முற்றும் ஒழியவில்லை.

1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் இவ்வாறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வகுத்தார். 1987இல் அவ்விலக்கு நிறைவேறியது. அந்தப் பத்தாண்டில் மக்கள் தொகை குறைந்ததா? இல்லை. 23 இலட்சமாக இருந்தது 27 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. மக்கள் பெருகிக்கொண்டிருக்கையில் ஆறு தெளிந்தது!

இது எவ்வாறு கைகூடியது? கழிவு விழும் வாயில்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. குடிசை வாழ் மக்கள் சாக்கடை இணைப்புள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தெருக் கடைக்காரர்கள் குழாயும் வடிகாலும் உள்ள உணவு அங்காடிகளுக்கு மாறினர். பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு அனுப்பப்பட்டன. இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 26,000. பரம்பரைத் தொழிலை விட்டவர்களும், பழகிய கம்பத்தைப் பிரிந்து கண்ணீர் விட்டவர்களும் அவர்களில் உண்டு. தூய ஆறு இலவசமாகக் கிடைத்ததன்று. அதன் விலையில் ஒரு பங்கை அவர்கள் செலுத்தினர் என்பதை மறத்தலாகாது. 2008இல் ஆற்று முகத்தில் மரினா அணை கட்டப்பட்டபின், ஒருகாலத்தில் நாறிய அந்நீரே குடிநீருக்கு ஆகும் நீராயிற்று.

ஆகவே அழுக்கான நீர் ஆறக்கூடிய புண். பொருளும் உறுதியும் காலமும் இருந்தால் அதனைத் தெளியவைக்க முடியும்.

மீளாதவை

காடும் அவ்வாறே மீளுமா? மரம் மீளும். நீர்ப்பிடிப்புக் காட்டில் வளர்ந்தவை அதற்குச் சான்று. ஆனால் அக்காட்டை ஆராய்ந்தவர்கள், நூறாண்டுக்கு மேல் வளர்ந்த பின்னும் முதற்காட்டில் இருந்த மரவகைகள் பல அங்கே திரும்பவில்லை என்று கண்டனர். காடு பசுமையாகத் தோன்றும். உள்ளே புகுந்து எண்ணினால் உறுப்பினர் பலர் இல்லாத குடும்பம் போலிருக்கும்.

2003ஆம் ஆண்டில் பேரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் என்னும் அறிஞர் மூவர் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு கணக்கை வெளியிட்டனர். ராபிள்ஸ் காலத்திலிருந்து 183 ஆண்டுகளில் தீவின் இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அழிந்தது. பதிவாகியிருந்த செடி, விலங்கு, பறவை, மீன், பூச்சி வகைகளில் குறைந்தது நூற்றுக்கு 28 தீவைவிட்டு அற்றுப்போயின. எஞ்சியவற்றில் பாதிக்கு மேல், நிலப்பரப்பில் நானூறில் ஒரு பங்கே உள்ள காப்பகங்களுக்குள் ஒதுங்கி வாழ்கின்றன. இதே வேகத்தில் காடழிப்புத் தொடர்ந்தால் தென்கிழக்கு ஆசியா முழுமையும் இவ்வாறே இழக்கும் என்று எச்சரிக்கவே அவர்கள் அக்கட்டுரையை எழுதினர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளரை நடுங்கவைத்த புலி இத்தீவில் இன்றில்லை. 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டதே கடைசிப் புலி என்பர். அத்தகைய விலங்கை எத்தனை கோடி வெள்ளி கொடுத்தும் இச்சிறு நிலத்தில் மீண்டும் வாழவைக்க இயலாது.

சில உயிர்கள் திரும்பியதும் உண்டு. ஆறு தெளிந்தபின் நீர்நாய்கள் வந்தன. இன்று நகர நடுவிலேயே குடும்பத்தோடு நீந்துகின்றன. மறைந்திருந்த இருவாட்சிப் பறவை வகை ஒன்று 1994இல் பூலாவ் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டு, பின்னர்ப் பெருகியது. இவை எவ்வாறு வந்தன? நீரிணைக்கு அப்பால் அவற்றின் இனம் அழியாதிருந்தது. வித்து வேறிடத்தில் பிழைத்திருந்தால்தான் இழந்தது மீளும். எல்லா நாடும் சிங்கப்பூரைப் போலவே காட்டை அழித்திருந்தால் திரும்பிவர எதுவும் இருந்திராது.

நீரைத் தேடிய முயற்சியிலும் மீளா இழப்பு உண்டு. மேட்டு நிலத் தேக்கங்கள் போதாதபோது ஆற்று முகங்களை அணையிட்டு நன்னீர்த் தேக்கங்களாக்கினர். 1970களில் கிராஞ்சி முகத்துவாரம் அவ்வாறு மாறியது. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் அலையாத்தி வாழும். அடைத்தவுடன் அது மடிந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதாலும் சதுப்பு சுருங்கியது. ஒருகாலத்தில் தீவின் கரைகளையெல்லாம் சூழ்ந்திருந்த அலையாத்திக் காடு இப்போது ஏழு சதுரக் கிலோமீட்டர் அளவே. மேட்டுக் காட்டைக் காத்த அதே தாகம் கரைக்காட்டைக் குடித்துவிட்டது.

எல்லைக்கு அப்பால்

1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் பரப்பு சுமார் 581 சதுரக் கிலோமீட்டர். இன்று 730க்கு மேல். கூடுதல் நிலத்துக்கு மணல் எங்கிருந்து வந்தது? அண்டை நாடுகளின் ஆறுகளிலிருந்தும் கடலடியிலிருந்தும் வந்தது. அதனால் தம் கரைகளும் மீன்வளமும் கெடுகின்றன என்று கூறி மலேசியா 1997இலும், இந்தோனேசியா 2007இலும், கம்போடியா 2017இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன.

உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அவ்வுணவை விளைத்த நிலமும், அதற்குப் பாய்ந்த நீரும், அங்கே வெட்டப்பட்ட காடும் எந்த நாட்டுக் கணக்கில் எழுதப்படும்? பன்றிப் பண்ணைகள் இங்கே மூடப்பட்டன என்றால் இறைச்சி உண்பது நின்றுவிட்டதென்று பொருளன்று. பண்ணை வேறிடத்தில் இருக்கிறது. அதன் சாணமும் வேறோர் ஆற்றில் விழுகிறது.

1962 உடன்பாட்டின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கும் உரிமை 2061 வரை சிங்கப்பூருக்கு உண்டு. ஆனால் உரிமைத்தாள் இருந்தால் மட்டும் போதாது. ஆற்றில் நீர் இருத்தல் வேண்டும். அவ்வாற்றுக்கு நீரூட்டும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் ஐந்தில் ஒரு பங்காக வற்றியது. ஜொகூரிலும் மக்கள் பெருகுகின்றனர். அவர்களுக்கும் அந்நீர் வேண்டும். ஆற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது.

இதை உணர்ந்தே சிங்கப்பூர் 2003இல் பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி ‘நியூவாட்டர்’ என்று வழங்கத் தொடங்கியது. 2005இல் கடல்நீரையும் குடிநீராக்கியது. இவை பெரிய சாதனைகள். எனினும் கடல்நீரின் உப்பை நீக்க ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை அலகு மின்சாரம் செலவாகிறது. அம்மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறுவது. ஆற்றின் சுமை குறைந்தது. வானத்தின் சுமை கூடியது. சுமை மறையவில்லை, தோள் மாறியது.

குறையும் தொட்டில், கூடும் தேவை

1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக் கழகம் நிறுவி, 1972 முதல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று பரப்பிய சிங்கப்பூர், 1987இல் வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்று கொள்கையை மாற்றிக்கொண்டது. ஆயினும் பிறப்பு உயரவில்லை. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. தலைமுறையை நிரப்ப இரண்டுக்குச் சற்று மேல் வேண்டும். பிறப்பு இவ்வளவு குறைந்தும் மக்கள் தொகை உயர்ந்தே வந்திருக்கிறது. பழைய நாளைப் போலவே உழைக்க வருவோரால் அது உயர்கிறது.

தண்ணீர்த் தேவையோ இன்னும் விரைந்து வளரும். இப்போது நாளொன்றுக்குச் சுமார் 44 கோடி கேலன் செலவாகிறது. 2065க்குள் இது ஏறத்தாழ இரட்டிப்பாகலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் மதிப்பிட்டுள்ளது. இதில் பாதிக்கு மேல் வீடுகள் குடிப்பதன்று. ஆலைகளும் வணிக நிலையங்களும் கொள்வது. வீட்டில் ஓர் ஆள் செலவிட்ட நீர் 2003இல் நாளொன்றுக்கு 165 லிட்டர். 2023இல் 141 லிட்டர். மனிதர் சிக்கனம் கற்றனர். தொழிற்சாலையின் தாகமோ தணியவில்லை. அங்கே ஆகும் பொருள்களை உலகம் முழுவதும் வாங்குகிறது. காசுக்கட்டிக் காலத்துக் கதை வேறு உருவில் தொடர்கிறது எனலாம்.

ஆசிரியர் செய்யக்கூடியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்வது யாது? மக்கள் தொகை ஒரு பொருட்டன்று என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. 18 இலட்சம் பேருக்கே நீர் பங்கிட நேர்ந்த தீவில் 60 இலட்சம் பேர் வாழ்வதனால்தான் ஆற்று முகங்களும் அடைபட்டன, கடலும் தூர்க்கப்பட்டது. எண்ணிக்கைக்கும் பங்குண்டு. ஆனால் அது தனித்து நின்று கேடு செய்வதில்லை. என்ன நுகர்கிறோம், எம்முறையில் ஆக்குகிறோம் என்பவற்றோடு கைகோத்தே செய்கிறது.

மாணவர் எழுதும் கட்டுரையில் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யார்? தொலைவிலுள்ள ஏழை நாட்டுத் தாய். பிள்ளைகள் பலரைப் பெற்றதனால் உலகைக் கெடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. அவள் வீட்டுக் குழாயில் நீர் வருவதுகூட இல்லை. குளிரூட்டிய அறையில் அமர்ந்து அக்கட்டுரையை எழுதும் பிள்ளைக்கும், திருத்தும் நமக்கும் அவளைக் குற்றம் சாட்டும் தகுதி உண்டா? ஒரு பொய்யான தீர்ப்பை அழகிய தமிழில் எழுதப் பழக்குவது கல்வியாகாது.

ஆகவே அடுத்த முறை அத்தலைப்பைக் கொடுக்கும்போது நான்கு வினாக்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எவ்வளவு கொள்கின்றனர்? கொள்வதன் சுமை எங்கே, யார்மேல் விழுகிறது? விழுந்தது மீளுமா, மீளாதா? முதல் வினாவுக்கு விடை புள்ளிவிவர ஏட்டில் கிடைக்கும். இரண்டாவதற்கு மாணவன் தன் வீட்டுத் தண்ணீர்க் கட்டணச் சீட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு உலகப் படத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவது வினாதான் கடினமானது, முதன்மையானதும் அதுவே. மீளக்கூடிய கேட்டைச் செய்தவன் பின்னர் உழைத்துத் திருத்திக்கொள்ளலாம். மீளாத கேட்டைச் செய்யுமுன்னே எண்ணியாக வேண்டும். ஓர் அலையாத்திக் கரையை அடைக்கவோ ஒரு முதற்காட்டின் எஞ்சிய துண்டில் சாலை போடவோ திட்டம் வரும்போது, இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே நாளை அதனை முடிவு செய்யும் மேசையைச் சுற்றி இருப்பர். அன்று அவர்கள் இவ்வினாவைக் கேட்பார்களாயின், இன்று நாம் கட்டுரை திருத்தச் செலவிட்ட மை வீணாகவில்லை என்று கொள்ளலாம்.